மூன்றாவது கொடிக்கம்பம்

தமிழில் கொடி என்ற சொல்லுக்குப் பொருள் பல. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். படர்வது ஒன்று, பறப்பது ஒன்று, ஈரத்துணியைச் சுமப்பது ஒன்று. படரும் கொடிக்குப் பந்தல் போடுகிறோம். பறக்கும் கொடிக்குக் கம்பம் நாட்டுகிறோம். துணி சுமக்கும் கொடிக்கு என்ன செய்கிறோம்? ஓர் ஆணி அடிக்கிறோம். அதையும் கோணலாக அடிக்கிறோம்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கம்பத்தின் மகிமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அண்ணாமலையார் கோயிலில் கார்த்திகைத் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. பத்தாம் நாள், 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏறுகிறது. அந்த விழாவுக்குக் கட்டியம் கூறுகிற கொடிமரத்துக்குப் பீடம் உண்டு, கவசம் உண்டு, பூஜை உண்டு. எந்தக் காற்றுக்கும் அது சாய்வதில்லை. சரி, அது தெய்வத்தின் கம்பம். அதைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

தெருமுனைக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரின் தெருமுனையானாலும் சரி. அங்கே கட்சிக் கம்பம் நிற்கும். கீழே மூன்று படி வைத்த மேடை. மேடைக்கு வண்ணப் பூச்சு. எந்தத் தேதியில் எந்தப் பிரமுகர் கொடியேற்றி வைத்தார் என்று ஒரு கல்வெட்டு. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் நிற்கும் இத்தகைய கம்பங்களைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் அகற்றவேண்டும் என்று உத்தரவிட்டது. அகற்று என்று ஒரு நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது என்றால், எவ்வளவு உறுதியாக நாட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கொடி ஒன்று இருக்கிறதே, அதை எங்கே நாட்டியிருக்கிறோம்? ஒரு முனை ஜன்னல் கம்பியில். மறுமுனை முருங்கை மரத்தில். முருங்கைக் கொம்பு ஒடியும் என்பது குழந்தைக்கும் தெரியும். குடும்பத் தலைவருக்கு மட்டும் தெரியாது. மரம் இல்லாத வீட்டில் போர்வெல் குழாய். அதுவும் இல்லையென்றால் எதிரே நிற்கும் மின்கம்பத்தின் இழுகம்பி. மொட்டை மாடி வீடென்றால் கேட்கவே வேண்டாம். இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற ஆசையில், தூண்களின் தலையில் இரும்புக் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். பிள்ளை வேலைக்குப் போகும்வரை அந்தக் கம்பிகள் துருப்பிடித்தபடி நிற்கும். அவற்றில்தான் கொடி. வெள்ளை வேட்டியில் துருக்கறை படிந்தால், துவைத்தவள் தலையில் பழி.

ஆண்டுக்கு ஒரு முறை ஏறும் கொடிக்குக் கவசம். தலைவர் பிறந்தநாளுக்கு ஏறும் கொடிக்குக் கான்கிரீட் மேடை. தினம் தவறாமல் ஏறி இறங்கும் கொடிக்கு முருங்கை மரம்! இதுதான் நம்முடைய நியாயம்.

"ஒரு கொடிக்கயிற்றுக்கு இவ்வளவு ஆவேசமா? எழுத்தாளருக்கு எழுத வேறு விஷயமா இல்லை?" என்று ஒருவர் கேட்கக்கூடும். இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் உயிர் போகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

மழைக்காலத்துப் பத்திரிகைகளின் உள்பக்கத்தைப் புரட்டுங்கள். மூலையில் நான்கு வரிச் செய்தி ஒன்று வரும். துணி காயப்போடப் போன பெண் மின்சாரம் தாக்கி இறந்தாள். காப்பாற்றப் போன கணவனும் இறந்தான். சில சமயம் மாமியாரும். ஊர்ப்பெயர் மாறும், வயது மாறும், செய்தி மாறாது. நாம் "ஐயோ பாவம், விதி" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். விதிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது எப்படி நடக்கிறதென்று பாருங்கள்.

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மின்சார இணைப்பு ஒயர் வருகிறது. அந்த ஒயரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி கூடவே வருகிறது. வெயிலிலும் காற்றிலும் உரசி உரசி, ஒயரின் மேலுறை எங்கோ ஓரிடத்தில் தேய்ந்துபோகிறது. நம் ஆள் துணிக்கொடிக்கு வாங்கியதும் இரும்புக் கம்பிதான், நீடித்து உழைக்குமாம். அதைக் கொண்டுபோய் அந்தத் தாங்குகம்பி மாட்டிய கொக்கியிலேயே முடிந்துவிடுகிறார். கோடை முழுவதும் ஒன்றும் ஆகாது. ஐப்பசியில் மழை பிடிக்கிறது. சுவர் நனைகிறது, கம்பி நனைகிறது, துணியும் நனைகிறது. "மழை வருது, துணியை எடு" என்று ஒரு குரல். அவள் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கிறாள்.

"வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்பார்கள். போகாது. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் என்றால், ஐந்து ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அசையும். மனித இதயம் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து. ஐந்து ஆம்பியரில் அது நூற்றறுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஃபியூஸ் வீட்டு ஒயரைக் காப்பாற்ற வைத்தது. வீட்டுக்காரியைக் காப்பாற்ற வைத்ததல்ல. அவளைக் காப்பாற்றவும் ஒரு சாதனம் கடைகளில் கிடைக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். அது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பாருங்கள்.

மின்கம்பத்திலும் அதன் இழுகம்பியிலும் கொடி கட்டாதீர்கள் என்று மின்வாரியத்தார் ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் அறிவிப்பு வெளியிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே, தாழ்வழுத்தக் கம்பி ஒரு கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மொட்டை மாடிக்கு மேலே 2.5 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்று சொல்லின. விதி இருந்தது, அறிவிப்பு இருந்தது. பெண்ணுக்குத் துணி காயப்போட வேறொரு இடம் மட்டும் இல்லை. "அங்கே கட்டாதே" என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "இங்கே கட்டிக்கொள்" என்று ஒரு கம்பம் நட்டுக்கொடுக்க ஓர் ஆள் இல்லை.

அந்த ஒரு கம்பம் நடுவது என்ன பிரம்ம வித்தையா? கடையில் ஒரு நாகத்தகடு பூசிய இரும்புக் குழாய், இரண்டங்குலத்தில் வாங்குங்கள். முழுக் குழாய் இருபதடி நீளம் வரும். நடுவில் அறுத்தால் பத்தடியாக இரண்டு கம்பம். ஒவ்வொன்றிலும் மூன்றடி மண்ணுக்குள், ஏழடி வெளியே. உச்சியில் நான்கடிக் குறுக்குக் கை ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டால் மூன்று கயிறு கட்டலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் மூன்றரை அடிக் குழி. அடியில் அரையடி ஜல்லி, தண்ணீர் வடிய. பிறகு ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவையில் கான்கிரீட். கான்கிரீட்டின் மேல்முகத்தை மண்ணுக்குச் சற்று மேலாக, நாலாபக்கமும் சரிவாகத் தேய்க்கவேண்டும். இல்லாவிட்டால் குழாயின் கழுத்தில் தண்ணீர் தேங்கி அங்கேயே துரு தின்றுவிடும். குழாயின் வாயை மூடி போட்டு அடைக்கவேண்டும். ஏழு நாள் ஈரச்சாக்குச் சுற்றித் தண்ணீர் விடவேண்டும். அதற்குமுன் கயிறு கட்டக்கூடாது. நம் வீட்டு அவசரம் இங்கேதான் காரியத்தைக் கெடுக்கும். கம்பம் நட்ட மறுநாளே போர்வையைப் போட்டுவிட்டு, "கொத்தனார் ஏமாற்றிவிட்டான்" என்போம்.

கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடி நாண் மாதிரி விறைப்பாக இருக்கவேண்டும் என்று இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பம் வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் துணியின் கனம் அல்ல, இந்த விறைப்புத்தான். இருபதடிக் கயிற்றில் பதினைந்து கிலோ ஈரத்துணியைப் பரப்பிப் போடுங்கள். நடுவில் கயிறு அரையடிதான் தொய்கிறது என்றால், கம்பத்தை அது இழுக்கிற இழுப்பு 75 கிலோ. ஓரடி தொய்ய விட்டால் அதுவே பாதியாகக் குறைந்துவிடும். முருங்கைக் கொம்பு ஏன் முறிகிறது, ஆணி ஏன் காரையோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது, மாடிக் கைப்பிடிச் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடுகிறது. கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். இரும்புக் கம்பியை விட்டு நைலான் கயிறாகக் கட்டுங்கள். சலவைத் தொழிலாளர் துறைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு கயிற்றைப் புரியாக முறுக்கி, அந்தப் புரிகளின் இடுக்கிலேயே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கிளிப்பும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம், காற்றிலும் பறக்காது. அந்தச் சாமர்த்தியத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தும் நாம் கற்றுக்கொள்ளவில்லை. துணியைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டோம். அவர்களிடம் வாங்கிக்கொள்ள ஒரு கலையும் இருந்தது என்று நமக்குத் தோன்றவேயில்லை.

ஆக, ஒரு குழாய், இரண்டரை மூட்டை சிமெண்ட், ஒரு பகல் வேலை, ஏழு நாள் பொறுமை. இவ்வளவுதான். இதைச் செய்யாமல் நம்மைத் தடுப்பது என்ன? பணமில்லை என்று சொல்லாதீர்கள். வாசலில் கிரானைட் ஒட்டப் பணம் இருந்தது.

தடுப்பது இரண்டு. ஒன்று, அழகு. மற்றொன்று, அலட்சியம்.

முதலில் அழகு. நான் குடியிருந்த வீடு ஒன்றின் சொந்தக்காரர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "முன்பக்கம் துணி தொங்குனா வீட்டு லட்சணமே போயிடுது சார். கிரிவலம் வர்ற ஜனம், வெளிநாட்டுக்காரங்க எல்லாம் பாக்குறாங்க. பின்னால கட்டிக்குங்களேன்." பின்னால் என்றால் எது? வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. கழிவுத்தொட்டியின் மூடி அங்கே. குளியலறைக் குழாய் அங்கே. சூரியன் மட்டும் அங்கே வருவதில்லை. மாடியில் கட்டலாமா என்றேன். மாடிச் சாவியை யாருக்கும் தருவதில்லையாம். வெயிலைப் பூட்டிவைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

இந்த ஊர் பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலம். மலையே நெருப்பு என்று கும்பிடுகிறோம். சித்திரை வெயிலில் பாறை காய்ந்து, இரவு வெகுநேரம் வரை தெருவெல்லாம் கொதிக்கும். இப்படிப்பட்ட ஊரில், துணி உலர்த்த யந்திரம் வாங்குவது பற்றி இப்போது பேசுகிறார்கள். ஒரு ஈடு துணியை உலர்த்த இரண்டு மூன்று யூனிட் மின்சாரம் குடிக்கிற யந்திரம். நெருப்பு மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு சூட்டை விலைக்கு வாங்குகிற புத்திசாலிகளை என்னவென்று சொல்வது?

அழகு, அழகு என்கிறார்களே, யாருடைய அழகு? 1896 செப்டம்பர் முதல் தேதி ஒரு பையன் மதுரைப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் கோவணம் வைத்துக்கொண்டு, மற்றதை எறிந்துவிட்டான். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று தேடி வந்தது. அவரிடம் பொத்தல் பொத்தலாக ஒரு துண்டு இருந்ததாம். அதை யாரும் பார்க்காத இடத்தில் தாமே துவைத்து உலர்த்தி வைத்துக்கொள்வாராம். வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊருக்கு வருவது அந்தக் கோவணத்தைத் தேடித்தான், ஐயா! அவர்கள் கண்ணில் உங்கள் வீட்டுப் புடவை பட்டால் ஊரின் மானம் போய்விடுமா?

துணி காய்வது அசிங்கமென்று நினைக்கிறவனுக்கு, உள்ளே ஒரு குடும்பம் வாழ்வதே அசிங்கம்தான். நான் கதை எழுதுகிறவன். ஒரு வீட்டின் கொடியைப் பார்த்தால் எனக்கு அந்த வீடு தெரிந்துவிடும். சின்னச் சட்டை காய்ந்தால் குழந்தை இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை ஒன்றே ஒன்று மாலையில் காய்ந்தால் மாற்றுச் சீருடை இல்லை. காக்கிச் சட்டை காய்ந்தால் ஆட்டோ ஓட்டுகிறார். கிரானைட் முகப்பைப் பார்த்தால் எனக்கு என்ன தெரியும்? கடன் வாங்கியிருக்கிறார் என்பது தெரியும்.

இரண்டாவது, அலட்சியம். இதுதான் வேர். வீட்டுக்குத் திட்டம் போடும்போது கார் நிறுத்த இடம் குறிக்கிறார்கள்; கார் இல்லாதவரும் குறிக்கிறார். பூஜை அறை குறிக்கிறார்கள். தொலைக்காட்சி எந்தச் சுவரில் என்று குறிக்கிறார்கள். வாரத்தில் ஏழு நாளும் ஒருத்தி ஒரு வாளி நனைந்த துணியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள் என்று யாரும் குறிப்பதில்லை. ஏனென்றால் அது அவள் பாடு. நடுவது ஆண்பிள்ளை வேலை, உலர்த்துவது பெண்பிள்ளை வேலை என்று வைத்துக்கொண்டோம். உலர்த்தாதவன் எதற்கு நடுவான்? வலிப்பது அவன் தோள் அல்லவே.

இதில் வெளியே பேசாத ஒன்றும் இருக்கிறது. அதையும் பேசிவிடுகிறேன். மாதவிலக்குத் துணியை நம் பெண்கள் எங்கே உலர்த்துகிறார்கள் என்று எந்தக் குடும்பத் தலைவராவது கேட்டதுண்டா? மற்றொரு புடவைக்கு அடியில், குளியலறை மூலையில், கட்டிலுக்குக் கீழே. வெயில் படவேண்டிய துணி அது. நன்றாக அலசி வெயிலில் உலர்த்தாத துணியால் நோய் வரும் என்று வைத்தியர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் வெட்கம் அந்தத் துணியை இருட்டில் தள்ளுகிறது. "வீட்டு லட்சணம்" பேசுகிறவர்கள் இந்த வெட்கத்துக்குக் காவல் நிற்கிறார்கள். நாலு பேர் பார்க்கும் தெருவில் கொடி கட்டக்கூடாது என்றால், நாலு பேர் பாராத, ஆனால் நன்றாக வெயில் விழுகிற ஓரிடத்தை அவளுக்குக் கொடுங்கள். இரண்டும் இல்லை என்பது என்ன நீதி?

இந்த அழகுப் பைத்தியம் நமக்கு மட்டும் பிடித்ததல்ல. அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள், முற்றத்தில் கொடி கட்டினால் வீட்டு விலை இறங்கும் என்று தடை போட்டிருந்தன. அங்கே உள்ளவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. துணி உலர்த்துவது எங்கள் உரிமை என்று சண்டை போட்டார்கள். வெர்மாண்ட் மாநிலம் 2009இலும், கலிபோர்னியா 2015இலும், இப்படிப்பட்ட தடைகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் லான்ஸ் ஹில் என்ற மோட்டார் மெக்கானிக், 1945இல், ஒற்றைத் தூணில் குடைபோலச் சுழலும் கொடி ஒன்றைத் தம் வீட்டுக் கொல்லையில் செய்து நிறுத்தினார். அது அந்த நாட்டு வீடுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், வீட்டு வசதிக் கழகம் கட்டிய பழைய அடுக்கு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகக் குழாய்த் துளைகள் வைத்தே கட்டிக்கொடுத்தார்கள். பத்தாம் மாடியில் இருப்பவளுக்கும் துணி காயவேண்டும் என்று கட்டடம் கட்டியவனுக்குத் தோன்றியது. தரையும் வானமும் வெயிலும் தாராளமாக உள்ள நமக்குத் தோன்றவில்லை.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிற்று. பக்கத்துக் கிராமங்களின் நிலமெல்லாம் மனையாகிறது, மனையெல்லாம் மாடியாகிறது, மாடியெல்லாம் வாடகைக்கு வருகிறது. இப்போதே கேட்டுவைப்பது நல்லது. வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் வரைபடத்தில், மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்கிறார்களே, அப்படியே துணி உலர்த்தும் இடம் எங்கே என்றும் ஒரு வரி கேட்கட்டும். மின்கம்பியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று இன்னொரு வரி. கட்டுகிறவர், மாடித் தூண்களில் நான்கை வெறும் கம்பியாக விடாமல் ஆள் உயரத்துக்குமேல் கான்கிரீட்டாக எழுப்பி, ஆளுக்கொரு கொக்கி பதித்துவிடட்டும். வாடகை வாங்குகிறவர், குழாயும் விளக்கும் கொடுப்பதுபோல இரண்டு கம்பமும் கொடுக்கட்டும். கொடுக்காதவரிடம் குடிவருகிறவர் முன்பணம் எண்ணுமுன் கேட்கட்டும். வெட்கப்படவேண்டியவர் கேட்கிறவர் அல்ல.

சொந்த வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைகளுக்குச் சட்டமும் வேண்டாம், மாநகராட்சியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில், விழா ஒன்றுக்காகக் கொடிக்கம்பம் நடப்போன பதின்மூன்று வயதுச் சிறுவன், கம்பம் மின்கம்பியில் பட்டு மாண்டுபோனான். யாருடைய கொடிக்கோ கம்பம் நடப் பிள்ளைகளைக்கூட அனுப்புகிற நாடு இது. நம் வீட்டுக் கொடிக்குக் கம்பம் நட நாமே போகலாம். நிமிர்ந்து மேலே பார்த்து, மின்கம்பி இல்லாத இடமாகத் தேர்ந்து, மூன்றரை அடி தோண்டலாம்.

அந்தக் கம்பத்துக்குக் கல்வெட்டு வேண்டாம். திறப்பு விழா வேண்டாம். அதில் ஏறுகிற கொடியை யாரும் வணங்கப்போவதுமில்லை. ஆனால் அதை ஏற்றுகிறவள் மாலையில் அதை இறக்கவும் உயிரோடு இருப்பாள்.